வான்கோழி இல்லாத தேங்ஸ்கிவிங்: மேசைக்கு நடுவே எதை வைப்பது?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். இந்த ஆண்டு தேங்ஸ்கிவிங் விருந்து எங்கள் வீட்டில், மொத்தம் 12 பேர். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், மாமியாரையும் சேர்த்து 4 பேர் சைவம். மாமியார் முட்டையும் தொடமாட்டார். மற்றவர்கள் கணவருடைய அலுவலக நண்பர்களும் நாங்களும். நண்பர்களில் ஒரு குடும்பம் ஹலால் மட்டுமே சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் சமைப்பதில்லை. போன வருடம் 14 பவுண்டு வான்கோழி செய்தேன். நெஞ்சுக்கறி வறண்டு போய்ப் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. இந்த முறை வான்கோழி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன வைக்கலாம்? பேசாமல் பிரியாணி போட்டுவிடலாமா? ஓவன் ஒன்றுதான் இருக்கிறது.
— ஒரு வாசகி

பதில்: உங்கள் முடிவு சரியானதே. அமெரிக்க நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். முதல் தேங்ஸ்கிவிங் என்று சொல்லப்படும், 1621-ல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி, அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டைப் பறவைகளும், பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த 5 மான்களும்தான் வருகின்றன. அதில் வான்கோழி என்ற பேச்சே இல்லை. இன்றைக்கும் ஹாம் (பன்றித் தொடைக்கறி) வைக்கும் வீடுகள் உண்டு, லசானியா வைக்கும் இத்தாலிய அமெரிக்க வீடுகளும் உண்டு.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. மேசைக்கு நடுவில் பெரிதாக ஒன்று. அதை எல்லோர் முன்னிலையிலும் வெட்டிப் பரிமாற வேண்டும். அதிலிருந்து இறங்கும் சாற்றில் ஒரு கிரேவி. அந்தக் கிரேவியை வாங்கிக்கொள்ள மசித்த உருளைக்கிழங்கும், ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங்கும். கொழுப்பின் திகட்டலை மாற்ற, புளிப்பான கிரான்பெர்ரி. வான்கோழியை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் இந்த வரிசையோடு ஒத்துப்போக வேண்டும்.

பிரியாணி ஒத்துப்போகாத இடம் இதுதான். அது தன்னளவில் முழுச் சாப்பாடு. அரிசிக்குப் பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கை வைத்தால் மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்து. கரம் மசாலாவோடு கிரான்பெர்ரியும் சேராது. பிரியாணிதான் என்றால் மனதாரப் பிரியாணி விருந்தாகவே செய்யுங்கள்: தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய்த் தொக்கு, சைவத்துக்கு ஒரு காளான் பிரியாணி என்று. ஸ்டஃபிங், கிரேவி, கேசரோல் எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் இரண்டும் பாதிதான் காலியாகும். நண்பர்கள் தேங்ஸ்கிவிங் சாப்பாட்டை எதிர்பார்த்து வருவதால் இந்த முறை அந்த அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

போன வருடம் என்ன நடந்தது

வான்கோழி நெஞ்சுக்கறி 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் வேகமாக நீரை விடும். தொடைக்கறியோ 175 டிகிரியாவது வந்தால்தான் மென்மையாகும். இரண்டும் ஒரே எலும்புக்கூட்டில் ஒட்டியிருக்கின்றன. தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு வறண்டுவிடும். பறவை பெரிதாக ஆக இந்த இடைவெளியும் கூடும். ஆகவே உங்கள் கைப்பக்குவத்தில் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதிலிருந்து அடுத்த முடிவுக்கு வரலாம். நம்மவர்களில் பெரும்பாலோர் இறைச்சியில் இளஞ்சிவப்பு தெரிந்தாலே தட்டை ஒதுக்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக மென்மையான, கொழுப்பில்லாத கறியை வாங்கி அதை முழுக்க வேகவைத்தால் மறுபடியும் வறட்சிதான். ஆட்டுத் தொடையில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. 145 டிகிரியில் எடுத்தால் அருமையாக இருக்கும் தொடை, 170-ல் மரத்தூள். வேகவேக நன்றாகும் கறியாகப் பார்த்து வாங்க வேண்டும். அது முன்சப்பை, அதாவது தோள்பட்டைக் கறி.

என் பரிந்துரை இரண்டு முதன்மை உணவுகள்: எலும்போடு மெதுவாக வேகவைத்த ஆட்டு முன்சப்பை ஒன்று, சைவத்துக்குப் பட்டர்நட் பூசணியும் காளானும் வைத்துப் பஃப் பேஸ்ட்ரியில் சுற்றிய வெலிங்டன் ஒன்று. முதலாவதைக் காலையிலேயே வைத்தால் குறைந்த சூட்டில் பிற்பகலுக்குள் வெந்துவிடும், வெளியே எடுத்து வைத்தாலும் நெடுநேரம் சூடு தாங்கும். இரண்டாவதுக்கு அதிகச் சூடு வேண்டும், ஆனால் முக்கால் மணி நேரம் போதும். ஒரே ஓவனில் இரண்டும் மோதாமல் முடியும்.

முன்சப்பை: வாங்குவது

ஹலால் கடையில் ‘லேம்ப் ஷோல்டர், எலும்போடு, முழுசாக’ என்று சொல்லுங்கள். ‘வெட்ட வேண்டாம்’ என்பதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழக்கத்தில் ரம்பத்தில் கொடுத்து குழம்புக்கு ஏற்ற துண்டுகளாக்கி விடுவார்கள். இரண்டு வாரம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

கறி சாப்பிடுபவர்கள் 8 பேர். எலும்பும் வேகும்போது சுருங்குவதும் சேர்ந்து எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும். எனவே 6½ முதல் 7 பவுண்டு வரை தேவை. அமெரிக்க ஆட்டின் சப்பை ஒன்றே அந்த எடைக்கு வரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை சிறியவை. இரண்டு வாங்க வேண்டியிருக்கும். வெள்ளாட்டுக் கறியை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்பு குறைவு, முழுச் சப்பையாக ஓவனில் வைத்தால் வெளிப்புறம் காய்ந்துவிடும்.

உறைந்த கறி என்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தட்டு வைத்து இளக்குங்கள். 4 அல்லது 5 பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு. வியாழக்கிழமை விருந்துக்கு ஞாயிறு இரவே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து இளக்கக் கூடாது. உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேற்பரப்பு கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும்.

உப்பும் மசாலாவும்

புதன்கிழமை காலை, கறியின் எடையில் 1 சதவீதம் உப்பு. 6½ பவுண்டு என்பது ஏறக்குறைய 3 கிலோ, ஆக 30 கிராம். தூள் உப்பில் இது தலைதட்டிய 5 டீஸ்பூன். கோஷர் உப்பு வைத்திருந்தால் கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். டைமண்ட் கிரிஸ்டல் உப்பு ஒரு கரண்டி எடுக்கும் எடையைவிட மார்ட்டன் கோஷர் ஒரு கரண்டி ஒன்றரை மடங்குக்கு மேல் எடை போடும். இணையத்துச் செய்முறைகள் பல உப்புக் கரிப்பதற்கும் சப்பென்று இருப்பதற்கும் இதுவே காரணம். சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அப்படியே உள்ளே குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும். இந்த விருந்துக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டியவை இவை இரண்டும்தான்.

மசாலாவுக்கு 12 பல் பூண்டு, 2 அங்குல இஞ்சி, ஒரு டேபிள்ஸ்பூன் சோம்பு, 2 டேபிள்ஸ்பூன் தனியா, ஒரு டேபிள்ஸ்பூன் மிளகு. சோம்பையும் தனியாவையும் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, மிளகோடு கொரகொரப்பாகப் பொடியுங்கள். இஞ்சி பூண்டை நசுக்கி, 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 2 கொத்து ரோஸ்மேரி இலை, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல் சேர்த்து விழுதாக்கி எல்லாப் பக்கமும் தேயுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் வேண்டாம். அவை வந்தால் கிரேவி குழம்பாகிவிடும், உருளைக்கிழங்கோடு ஒட்டாது. மிளகும் சோம்பும் நம் நாக்குக்கும் பிடிக்கும், நண்பர்களுக்கும் அந்நியமாக இருக்காது. உப்பும் விழுதும் தடவிய கறியை ஒரு நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும்; சில மணி நேரத்தில் அந்த நீர் உப்போடு உள்ளே திரும்பும். தட்டில் தண்ணீர் நிற்கிறதே என்று கொட்டிவிட வேண்டாம்.

வேகவைப்பது

ஆழமான ரோஸ்டிங் தட்டில் 3 பெரிய வெங்காயத்தைத் தடிமனாக நறுக்கிப் பரப்பி, மேலே கறியைக் கொழுப்புப் பக்கம் மேலாக வைத்து, ஓரத்தில் 2 கப் தண்ணீர் ஊற்றுங்கள். ஒயின் வேண்டாம். கொதித்தால் ஆவியாகிவிடும் என்று சொல்வார்கள். ஹலால் விருந்தினருக்கு அந்தச் சமாதானம் செல்லாது. மேலே பேக்கிங் தாள் ஒன்று, அதற்கு மேல் அலுமினியத் தாள் இரண்டு அடுக்கு, விளிம்பில் இடுக்கில்லாமல் அழுத்தி மூடுங்கள். இடுக்கு இருந்தால் ஆவி போய், அடியிலுள்ள வெங்காயம் கருகி, கிரேவி கசக்கும்.

ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 163 செல்சியஸ். நேரம் 4 முதல் 4½ மணி. 4 பவுண்டு சப்பை இரண்டு என்றால் 3½ மணியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தடிமனான இடத்தில் குத்தினால் 195 முதல் 205 டிகிரிக்குள் காட்ட வேண்டும். சப்பை எலும்பைப் பிடித்துத் திருப்பினால் அது தானே கழன்று வர வேண்டும்.

மூன்றாவது மணி நேரத்தில் எட்டிப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அப்போது கறி 170, 175 டிகிரியில் இருக்கும். தொட்டால் ரப்பர் போல் இறுகியிருக்கும். ‘அதிகமாக வெந்து கெட்டியாகிவிட்டது’ என்று வெளியே எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அது இன்னும் வேகவில்லை. சப்பையில் ஏராளமாக இருக்கும் இணைப்புத் திசுவான கொலாஜன் 160 டிகிரிக்கு மேல்தான் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகத் தொடங்கும். அதற்குச் சூட்டைப் போலவே நேரமும் வேண்டும். இளகிய ஜெலட்டின் நார்களுக்கு இடையே நிறைந்து நிற்பதால்தான் 200 டிகிரியிலும் சப்பைக்கறி ஈரமாக இருக்கிறது. இறுகியிருந்தால் மூடி, இன்னும் 40 நிமிடம் விடுங்கள்.

உங்கள் ஓவன் காட்டும் எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். 25 டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் மலிவாகவே கிடைக்கும்.

கிரேவி

கறி வெந்ததும் தட்டிலுள்ள சாற்றை உயரமான ஜக்கில் வடித்து 10 நிமிடம் விடுங்கள். கொழுப்பு மேலே மிதக்கும். ஆட்டில் அது நிறையவே இருக்கும். 4 டேபிள்ஸ்பூன் கொழுப்பை மட்டும் சட்டியில் எடுத்து, 5 டேபிள்ஸ்பூன் மைதாவை அதில் 3 நிமிடம் வறுங்கள், பிஸ்கட் நிறம் வரும்வரை. பிறகு சூடான சாறு 3 கப்; குறைந்தால் வெந்நீரால் நிரப்புங்கள். அரைக் கப் ஊற்றிக் கம்பிக் கலக்கியால் கட்டியில்லாமல் கலக்கிய பிறகுதான் அடுத்த அரைக் கப். மொத்தமாக ஊற்றுவதே கட்டி விழுவதற்குக் காரணம். 5 நிமிடம் கொதித்த பின் சுவைத்துப் பார்த்து மட்டும் உப்புச் சேருங்கள், சாற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. கடைசியில் அரை மூடி எலுமிச்சை.

ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். ஆறிய தட்டில் பரிமாறினால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். ‘ஆட்டு வாடை’ என்று அமெரிக்க நண்பர்கள் சிலர் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பரிமாறும் தட்டை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, சூடாக மேசைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சைவ விருந்தினருக்கு

வழக்கமான தேங்ஸ்கிவிங் வீடுகளில் சைவக்காரர்களுக்கு ‘பக்க உணவுகள் நிறைய இருக்கின்றனவே’ என்று சொல்லிவிடுகிறார்கள். உருளைக்கிழங்கும் பீன்ஸும் தட்டின் ஓரத்தில், நடுவில் வெற்றிடம். உங்கள் மாமனார் மாமியார் அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் மேசை நடுவில் ஒன்று, எல்லோர் முன்னிலையிலும் வெட்டப்படுவது, இருக்க வேண்டும். வெலிங்டனைச் சொன்னது அதற்காகத்தான். சுற்றும் மாவு பெரியவர்களுக்குப் புதிதல்ல, பேக்கரி பஃப்ஸில் சாப்பிட்ட அதே அடுக்கு மாவுதான்.

ஒரு வெலிங்டனுக்கு அளவு சொல்கிறேன். 7 அல்லது 8 துண்டு வரும். கறி சாப்பிடுபவர்களும் கட்டாயம் ஒரு துண்டு எடுப்பார்கள். கடைசியில் சைவக்காரர்களுக்கு இல்லாமல் போகும். ஆகையால் இரண்டாகச் செய்யுங்கள். பஃப் பேஸ்ட்ரிப் பெட்டியிலும் பொதுவாக 2 தாள் இருக்கும்.

பட்டர்நட் பூசணியில் நீளக் கழுத்து உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். விதையிருக்கும் குடப்பகுதியை வெட்டிச் சாம்பாருக்கு எடுத்து வைத்துவிட்டு, சுமார் 7 அங்குலம் நீளமுள்ள கழுத்தை மட்டும் தோல் சீவி, எண்ணெய், உப்பு, மிளகு தடவி 400 டிகிரியில் 50 நிமிடம் வேகவையுங்கள். கத்தி லேசான எதிர்ப்போடு இறங்க வேண்டும். குழைந்தால் சுற்றும்போது உடையும், ஓவனில் இன்னொரு முறையும் வேகப்போகிறது.

காளான் ஒன்றரை பவுண்டு, பழுப்பு நிற கிரெமினி. மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பொடியாக்குங்கள், அரைத்துவிடாதீர்கள். அகலமான சட்டியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்போடு நல்ல தீயில் 15 முதல் 20 நிமிடம் வதக்குங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இப்போது சட்டியில் போகாவிட்டால் பிறகு மாவுக்குள் போகும். வெலிங்டன் அடிப்பகுதி கூழாவது பெரும்பாலும் இதனால்தான். கலவை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி காய்ந்து தெரிய வேண்டும். அப்போது பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு 4 பல், தைம் இலை, மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன் சேர்த்து மறுபடி வதக்குங்கள். 10 அவுன்ஸ் உறைந்த பசலைக்கீரையை இளக்கி, துணியில் கட்டி, சொட்டு நீரில்லாமல் முறுக்கிப் பிழிந்து சேருங்கள்.

முட்டைக்குப் பதிலாகக் கலவையைப் பிடித்து வைக்க, வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த வால்நட் ஒரு கப், ரொட்டித்தூள் முக்கால் கப், மூன்றில் ஒரு கப் முந்திரியை ஊறவைத்துக் கெட்டியாக அரைத்த விழுது. விருந்தினரில் யாருக்காவது பருப்பு, கொட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இருந்தால் வால்நட்டுக்கு வறுத்த சூரியகாந்தி விதை, முந்திரிக்கு உதிர்த்த பனீர். கலவையை உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. நனைந்தால் ரொட்டித்தூள் இன்னும் கொஞ்சம். இதுவரை எல்லாமே புதன்கிழமை வேலை. கலவையும் பூசணியும் குளிர்பெட்டியில் முழுக்கக் குளிர வேண்டும். வெதுவெதுப்பாகச் சுற்றினால் மாவிலுள்ள கொழுப்பு உருகி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு உப்பாது.

பஃப் பேஸ்ட்ரித் தாளைப் புதன் இரவே ஃப்ரீசரிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். வெண்ணெயில் செய்ததும் உண்டு, தாவர எண்ணெயில் செய்ததும் உண்டு. உறையில் பொருட்பட்டியலைப் படித்து வாங்குங்கள். வியாழன் மதியம் மாவு தூவி 12-க்கு 14 அங்குலமாகத் தேயுங்கள். நடுவில் ஒரு பிடி ரொட்டித்தூள், அதன்மேல் காளான் கலவையில் பாதி, அதன்மேல் பூசணி, மீதிக் கலவையைப் பூசணியைச் சுற்றி அரை அங்குலக் கனத்துக்கு அழுத்திப் பூசுங்கள். இரண்டு பக்கத்தையும் மடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறும் இடத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டி, முனைகளைச் செருகி, ஒட்டிய பக்கம் அடியில் போகுமாறு திருப்புங்கள். அரை மணி நேரம் குளிர்பெட்டியில். மேலே முட்டைக்குப் பதில் பாலும் கிரீமும் கலந்து பூசினால் நிறம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். மேற்புறம் 4 இடத்தில் கீறல், ஆவி போக.

பேக்கிங் தட்டை வெறுமையாக ஓவனில் 10 நிமிடம் சூடாக்கி, வெலிங்டனை அதன் பேக்கிங் தாளோடு அந்தச் சூட்டுத் தட்டுக்கு நகர்த்துங்கள். அடிமாவு உடனே வேகத் தொடங்கும். 400 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடக் கூடாது. அடியைத் தூக்கிப் பார்த்து அதுவும் பழுப்பாகியிருந்தால்தான் எடுக்கலாம். 10 நிமிடம் ஆறவிட்டு ரொட்டி அறுக்கும் பல்கத்தியால் வெட்டுங்கள்.

இதற்குத் தனி கிரேவி. 20 கிராம் உலர்ந்த போர்சினி காளானை 3 கப் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். 2 வெங்காயத்தை 4 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் 25 நிமிடம் மெல்லிய தீயில் ஆழ்ந்த பழுப்பாக வதக்கி, 5 டேபிள்ஸ்பூன் மைதா வறுத்து, ஊறிய நீரை மேலே சொன்ன முறையில் ஊற்றுங்கள். ஊறிய காளானையும் நறுக்கிப் போடலாம். இதை முந்தின நாளே செய்யலாம்.

கண்ணுக்குத் தெரியாத அசைவம்

உங்கள் மாமியாருக்கும் ஹலால் குடும்பத்துக்கும் பிரச்சினை வருவது பெரும்பாலும் பக்க உணவுகளில். பெட்டியில் வரும் ஸ்டஃபிங் கலவைகள் பலவற்றில் கோழிச் சாறு இருக்கும். சர்க்கரைவள்ளி கேசரோல் மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின்; அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். பாலை உறையவைக்க, மாட்டுக்கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்த்தே பார்மிஜானோ ரெஜியானோ சீஸ் செய்யப்படுகிறது. வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி இனத்து ஆன்சோவி மீன் உண்டு. பம்ப்கின் பை (pie) என்ற இனிப்பில் முட்டை சேரும், கடையில் விற்கும் பை மாவு சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேரும். முட்டையும் விலங்குக் கொழுப்பும் இல்லாத மாவில் ஆப்பிள் பை செய்தால் 12 பேரும் ஒரே இனிப்பைச் சாப்பிடலாம்.

இன்னொன்றையும் விருந்துக்கு முன்பே மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: கறி வெந்த ஓவனில் வெந்ததைச் சாப்பிடுவாரா? சிலருக்கு அது பொருட்டல்ல, சிலரால் முடியாது. முடியாது என்றால் அவருக்கு மட்டும் சின்ன வெலிங்டனாகச் செய்து, மேசைமேல் வைக்கும் டோஸ்டர் ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ வேகவைக்கலாம். எப்படியானாலும் சைவத்துக்குத் தனிக் கத்தி, தனிக் கரண்டி, மேசையின் மறுமுனையில் இடம். ஸ்டஃபிங்கை எல்லோருக்கும் சேர்த்துக் காய்கறிச் சாற்றிலேயே செய்துவிடுங்கள், இரண்டு வகை தேவையில்லை.

வியாழக்கிழமை ஓவன் கணக்கு, மாலை 5 மணிச் சாப்பாட்டுக்கு

காலை 9.30-க்குக் கறியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள், 10.15-க்கு ஓவனுக்குள். 2.45-க்கு வெளியே எடுத்துச் சாற்றை வடித்துவிட்டு, திரும்ப இறுக்கமாக மூடி, கனத்த துண்டுகளால் சுற்றி, காலியான ஐஸ் பெட்டிக்குள் (பிக்னிக் கூலர்) வைத்து மூடுங்கள். உள்சூடு 140 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இரண்டு மணி நேரம் வரை தாங்கும். 3 மணிக்கு ஓவனை 400-க்கு ஏற்றுங்கள். 3.40-க்கு இரண்டு வெலிங்டனும் நடுத்தட்டில், 3.55-க்கு ஸ்டஃபிங் கீழ்த்தட்டில். 4.25-க்கு வெலிங்டன் வெளியே. ஓவனை 425 ஆக்கி, கறியை மூடாமல் 15 முதல் 20 நிமிடம் உள்ளே வையுங்கள். மேல்கொழுப்பு மொறுமொறுப்பாகும், ஆறியிருந்தாலும் மறுபடி சூடேறிவிடும். இதை மதியமே செய்துவிட்டால் மூடி வைத்த ஆவியில் மொறுமொறுப்பு நமத்துப் போகும். அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். மசித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் அடுப்பில் செய்பவை, ஓவனுக்கு அவை வேண்டாம். கிரான்பெர்ரியைச் செவ்வாய்க்கிழமையே காய்ச்சி வைத்துவிடுங்கள்.

ஆட்டுக்கறி சரிப்படாது என்றால்

முழுக்கோழி இரண்டு, ஒவ்வொன்றும் 4 பவுண்டு. ஹலால் கடையில் ‘தோலோடு, முழுசாக’ என்று கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் தோலுரித்துத் தருவதே வழக்கம். முதுகெலும்பைக் கத்தரியால் வெட்டி எடுத்து, புத்தகம்போல் விரித்து, நெஞ்செலும்பை அழுத்தித் தட்டையாக்குங்கள். தொடைகள் வெளியே வந்து நேரடிச் சூடு வாங்குவதால் நெஞ்சும் தொடையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேகும். வான்கோழியில் பட்ட பாடு இதில் இல்லை. முதல் நாளே உப்புத் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் காய்ந்து நன்றாக முறுகும். உறையில் ‘உப்புக் கரைசல் சேர்த்தது’ என்று இருந்தால் நீங்கள் உப்பைப் பாதியாக்குங்கள். 425 டிகிரி, 45 முதல் 50 நிமிடம், நெஞ்சின் தடித்த இடத்தில் 165. ஆனால் இரண்டு கோழியும் ஓவனின் இரண்டு தட்டையும் பிடித்துக்கொள்ளும், வெலிங்டனை முன்னதாகவே முடிக்க வேண்டிவரும்.

வாத்து வேண்டாம்: 5 பவுண்டு வாத்து 4 பேருக்கு மேல் காணாது, தட்டு நிறையக் கொழுப்பு விடும். சால்மன் அழகாக இருக்கும், மீனின் ஒரு பக்கச் சதை 3 பவுண்டு இருந்தால் 8 பேருக்குப் போதும், 275 டிகிரியில் அரை மணிக்குள் வெந்துவிடும். ஆனால் மீன் வாசனையில் உங்கள் மாமியாரை உட்கார வைக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹாமும், மாட்டுக்கறியான பிரைம் ரிப்பும் உங்கள் விருந்தினர் பட்டியலுக்குப் பொருந்தாதவை.

மிஞ்சிய கறியை மேசைக்கு வந்த 2 மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து உதிர்த்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் குவித்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும். 3, 4 நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு போட்டு இரும்புச் சட்டியில் சுக்காவாக வறுத்தால் வெள்ளிக்கிழமை இரவுச் சப்பாத்திக்கு ஆயிற்று. வெலிங்டன் மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மாவு தொய்ந்துவிடும். 350 டிகிரி ஓவனில் 15 நிமிடம்.